மாறப்போவது யார்?

லிட்ல் என்பது ஜெர்மனியைச் சேர்ந்த மளிகைக்கடைச் சங்கிலி. ஐரோப்பா முழுக்கப் பரவிய கடைகள், எண்ணிக்கை 10,000-க்கு மேல். 2018 ஜூலையில் அந்த நிறுவனம் ஏழு வருடமாகக் கட்டிவந்த ஒரு மென்பொருள் திட்டத்தை அப்படியே நிறுத்தியது. அதுவரை ஆன செலவு சுமார் 50 கோடி யூரோ என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 4,000 கோடி ரூபாய். நிறுத்திவிட்டு எங்கே போனார்கள்? எதை மாற்றவேண்டும் என்று இத்தனை பாடுபட்டார்களோ, அந்தப் பழைய, சொந்தமாக எழுதி வைத்திருந்த சரக்கு மேலாண்மை மென்பொருளுக்கே திரும்பிப் போனார்கள்.

வாங்கியது ஊர் பேர் தெரியாத மென்பொருள் இல்லை. எஸ்ஏபி. ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் 1972-ல் ஆரம்பித்த நிறுவனம், உலகத்தின் பெரிய கம்பெனிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு மூலையில் அதன் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். லிட்லும் எஸ்ஏபியும் ஒரே ஜெர்மன் மாநிலத்துக் கம்பெனிகள் வேறு. ஆளும் பணமும் இருந்தது, அவசரமும் இல்லை. பிறகு எங்கே சிக்கியது?

காரணங்கள் பல சொன்னார்கள். நடுவில் மேலாளர்கள் மாறினார்கள், கன்சல்டன்ட்களோடு உரசல், இப்படி. ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒன்றே ஒன்றுதான்: அடக்க விலை.

ஒரு கடையில் 100 பிஸ்கட் பாக்கெட் இருக்கிறது. அடக்கம் 8 ரூபாய், விற்பது 10 ரூபாய். கடையில் இருக்கும் ஸ்டாக்கின் மதிப்பு என்ன? 800 என்றும் சொல்லலாம், 1,000 என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. விற்பனை விலையில் வைத்துக்கொண்டால், கிளை மேலாளரிடம் "உன் கையில் 1,000 ரூபாய் சரக்கு இருக்கு" என்று ஒப்படைக்கலாம். கல்லாப் பணமும் மிச்ச ஸ்டாக்கும் சேர்ந்து 1,000 வரவில்லை என்றால் உடைசலோ திருட்டோ நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் ஆஃபர் போட்டு விலையை 9 ஆக்கிய நிமிடம், ஒரு பாக்கெட் கூட நகராமல் ஸ்டாக் மதிப்பு 900 ஆகிவிடும். அடக்க விலையில் வைத்தால் இந்த ஆட்டம் கிடையாது. எத்தனை ஆஃபர் போட்டாலும் 800 என்பது 800.

லிட்ல் அடக்க விலைக் கட்சி. எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருள், வழக்கமான அமைப்பில், விற்பனை விலைக் கட்சி. லிட்ல் தன் வழக்கத்தை விட மறுத்தது என்று ஜெர்மன் வணிக நாளிதழ் ஹண்டெல்ஸ்பிளாட் எழுதியது. நிறுவனம் மாறாது என்றால் மென்பொருள்தானே மாறவேண்டும்? மாற்றினார்கள். ஸ்டாக் மதிப்பு என்பது மென்பொருளின் அடித்தளத்தில் கிடக்கும் ஓர் எண். ஆர்டர் போடுவது, கிளையின் லாபக்கணக்கு, சப்ளையர் பில்லைச் சரிபார்ப்பது என்று பலதும் அதன் மேல் நிற்பவை. அடியில் ஒரு செங்கல்லை உருவினால் மேலே ஒவ்வொரு சுவருக்கும் முட்டுக் கொடுக்கவேண்டும். ஆஸ்திரியா மாதிரி சிறிய சந்தைகளில் முதலில் இறக்கினார்கள், அங்கே ஓடவும் செய்தது. ஆனால் பெரிய நாடுகளுக்குக் கொண்டுபோகும் அளவுக்கு, நியாயமான செலவில், அது வரவில்லை என்பதுதான் கடைசியில் லிட்லின் முடிவு.

ஒரு நிறுவனம் மென்பொருள் வாங்குகிறது என்றால் விலை, வசதி, பிராண்ட் பற்றிய முடிவு என்று நாம் நினைக்கிறோம். அதெல்லாம் மேலோட்டம். உள்ளே ஒரே ஒரு கேள்விதான்: நம் வழக்கமும் மென்பொருளின் வழக்கமும் மோதும் இடத்தில் யார் விட்டுக்கொடுப்பது? இந்தக் கேள்விக்கு யாரும் உட்கார்ந்து பதில் சொல்வதில்லை. அது வேறு பெயர்களில், வேறு வேறு அறைகளில், சம்பந்தமில்லாத ஆட்களால் முடிவாகிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

பெரிய நிறுவனத்தில் நடைமுறை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் தேவைப் பட்டியல். ஒவ்வொரு துறையையும் கேட்டு, மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்று எக்ஸெல்லில் வரிசையாக எழுதுவார்கள். சில நூறு வரி வரும், ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தப் பட்டியலோடு டெண்டரோ விலைப்புள்ளிக் கோரிக்கையோ போகும். விற்பவர்கள் ஒவ்வொரு வரிக்கும் எதிரில் 'உண்டு', 'இல்லை' என்று நிரப்பி அனுப்புவார்கள். மதிப்பெண் போட்டு, மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு, டெமோ பார்த்து, பேரம் பேசி, கையெழுத்து.

கோளாறு முதல் படியிலேயே ஆரம்பிக்கிறது. ஒரு துறையிடம் போய் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "இப்ப இருக்கிற மாதிரியே வேணும், கொஞ்சம் வேகமா." அவர்கள் மேல் தப்பில்லை. தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்? ஆக, புது மென்பொருளுக்கான தேவைப் பட்டியல் என்று கையில் வருவது பழைய மென்பொருளின் ஜாதகம். எப்போதோ ஒரு மேலாளர் கேட்டார் என்று சேர்த்த மூன்றாவது கையெழுத்து, யாரும் படிக்காத மாதாந்திர ரிப்போர்ட், எல்லாம் 'கட்டாயம் வேண்டும்' என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து அந்த 'உண்டு'. இது ஒரு சொல் மாதிரி தெரியும், உள்ளே மூன்று அர்த்தம். பெட்டியைப் பிரித்தாலே இருக்கிறது என்பது ஒன்று. செட்டிங்கில் மாற்றினால் வந்துவிடும் என்பது இரண்டாவது. புதிதாகக் கோடு எழுதிச் சேர்த்துத் தருகிறோம் என்பது மூன்றாவது, இதைத்தான் கஸ்டமைசேஷன் என்பார்கள். விற்பவரின் தாளில் மூன்றுமே 'உண்டு'தான், மதிப்பெண்ணும் பல சமயம் ஒன்றேதான். ஆனால் முதல் இரண்டும் மென்பொருள் செய்த கம்பெனியின் பொறுப்பு. மூன்றாவது உங்கள் பொறுப்பு, அதுவும் வாழ்நாள் முழுக்க. ஒவ்வொரு புது வெர்ஷன் வரும்போதும் அது உடைந்ததா இல்லையா என்று நீங்கள்தான் சோதித்துப் பார்க்கவேண்டும்.

இதில் இன்னொரு விஷயம். பெரிய மென்பொருள்களை விற்பவர் ஒருவர், நிறுவித் தருபவர் இன்னொருவர். நிறுவித் தருபவர் பெரும்பாலும் ஆட்கள், நாட்கள் கணக்கில் காசு வாங்குபவர். "இந்த மாற்றம் உங்களுக்குத் தேவையில்லை, பழக்கத்தை மாத்திக்கோங்க" என்று அவர் சொன்னால் அவருடைய வருமானம்தான் குறையும். எல்லாரும் அப்படி இல்லை, முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் கன்சல்டன்ட்களும் உண்டு. ஆனால் ஏற்பாடே அப்படி இருக்கும்போது தனிமனித நேர்மையை மட்டும் நம்பி 50 கோடி போடக்கூடாது.

சரி, அப்போ "நாங்களே மாறிக்கொள்கிறோம்" என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டால்? அப்படி முடிவெடுத்துவிட்டு, நடுவழியில் மனசு மாறிய கதைதான் பர்மிங்காம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகர சபை 11 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தை நிர்வகிக்கிறது. 1999 முதல் அங்கே எஸ்ஏபி. இருபது வருடத்தில் தங்கள் வசதிக்கு ஏற்ப அதை வளைத்து நெளித்து வைத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு ஆரக்கிளின் கிளவுட் மென்பொருளுக்குப் போக முடிவெடுத்தார்கள். முதல் மதிப்பீடு சுமார் 1.9 கோடி பவுண்டு. கொள்கையும் தெளிவாகத்தான் வைத்தார்கள்: மென்பொருள் எப்படி வருகிறதோ அப்படியே எடுத்துக்கொண்டு, சபையின் வேலைமுறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

வேலை தொடங்கியதும் ஒவ்வொரு துறையும் தன் பழைய முறைக்காக விதிவிலக்கு கேட்டது. விதிவிலக்குகள் சேர்ந்தன. அதில் வெடித்தது வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கும் பகுதி. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' ஞாபகம் இருக்கும். நம் ஏட்டில் உள்ள வரவு செலவையும் வங்கி ஏட்டில் உள்ளதையும் வரிக்கு வரி பொருத்துவது. ஒரு மாநகர சபைக்கு வரி, வாடகை, கட்டணம், அபராதம் என்று தினமும் ஆயிரக்கணக்கில் பணம் வருகிறது, எந்தப் பணம் எந்தக் கணக்குக்கு என்று பிரிக்கவேண்டும். ஆரக்கிளில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பர்மிங்காம் தன் தேவைக்கென்று தனியாக எழுதிச் சேர்த்த ஒன்றை வைத்துக்கொண்டது.

2022 ஏப்ரலில் மென்பொருள் ஓடத் தொடங்கியது. வந்த பணம் எந்தக் கணக்கிலும் சரியாக உட்காரவில்லை. ஆட்களை வைத்துக் கையால் ஒவ்வொன்றாகப் பொருத்த ஆரம்பித்தார்கள். தணிக்கைக்குக் கொடுக்கும் தரத்தில் கணக்கு முடிக்க முடியாமல் போனது. தன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்றே உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் ஒரு மாநகர சபை! செலவு மதிப்பீடு 10 கோடி பவுண்டைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் புதிய செலவுகளை நிறுத்தும் சட்டபூர்வ அறிவிப்பை, அதாவது நடைமுறையில் திவால் நிலைக்கான அறிவிப்பை, சபை வெளியிட்டது. ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அந்த நிலைக்கு முதன்மைக் காரணம் மென்பொருள் இல்லை. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் கொடுக்காததால் சேர்ந்த நிலுவைதான் பெரிய சுமை. "ஆரக்கிளால் பர்மிங்காம் திவால்" என்று தலைப்புப் போட்டவர்கள் அவசரக்காரர்கள். ஆனால் நெருக்கடி வந்த நேரத்தில் கணக்குப் புத்தகத்தையே நம்ப முடியவில்லை என்பது நெருக்கடியை இரட்டிப்பாக்கியது.

கடைசியில் சபை எடுத்த முடிவு என்ன தெரியுமா? ஆரக்கிளையே மறுபடி முதலில் இருந்து நிறுவுவது. இந்த முறை ஸ்டாண்டர்டாக, பெட்டியில் வந்தபடி.

கிளவுட் என்பதால் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது என்பதையும் கவனியுங்கள். முன்பு மென்பொருளை வாங்கி நம் சர்வரில் போட்டால், புது வெர்ஷன் வேண்டாம் என்று பத்து வருடம் கூடச் சும்மா இருக்கலாம். பலர் இருந்தார்கள். கிளவுட்டில் அது முடியாது. ஆரக்கிளின் கிளவுட் மென்பொருளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு வருகிறது, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். தனியாக எழுதிச் சேர்த்த ஒவ்வொன்றையும் வருடத்துக்கு நான்கு முறை சோதிக்கவேண்டும். வாடகை வீட்டில் சுவரை இடித்துக் கட்டுவது மாதிரி.

இத்தனையும் பார்த்துவிட்டு நம் ஊர்ச் சின்னக் கம்பெனி மென்பொருள் வாங்கும் அழகைப் பார்த்தால், அதில் ஒரு விவேகம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ முப்பது பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி. கணக்குக்கு என்ன மென்பொருள்? டேலி. ஏன் டேலி? "ஆடிட்டர் சொன்னாருங்க." முடிந்தது. தேவைப் பட்டியல் இல்லை, டெமோ இல்லை, மதிப்பெண் இல்லை.

சோம்பேறித்தனம் மாதிரி தெரியும். யோசித்தால் அப்படி இல்லை. வருடக் கடைசியில் கணக்கை வாங்கிப் பார்க்கப்போவது ஆடிட்டர். அவர் அலுவலகத்தில் டேலி இருக்கிறது. ஃபைலை அப்படியே கொடுத்தால் வேலை முடிந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஆள். அக்கவுன்டன்ட் வேலையை விட்டுப்போனால் அடுத்த வாரமே இன்னொருவர் வேண்டும். டேலி தெரிந்தவர் தெருவுக்குத் தெரு கிடைப்பார். F5 அடித்தால் பேமென்ட், F6 ரசீது, F8 சேல்ஸ், F9 பர்ச்சேஸ் என்று விரல்களே பழகியிருக்கும், திரையைப் பார்க்கக்கூட வேண்டாம். இந்த விரல் பழக்கம் எந்த வசதிப் பட்டியலிலும் வராது. ஆனால் சின்னக் கம்பெனி உண்மையில் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். இதைவிட மலிவாகவோ அழகாகவோ ஒரு மென்பொருள் கொண்டுவருபவர்கள் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

யார் மாறுவது என்ற கேள்விக்கு இங்கே பதில் ஏற்கெனவே தயார்: கம்பெனிதான் மாறும். டேலியில் முன்கூட்டியே 28 குரூப் இருக்கிறது. கணக்குகள் எல்லாம் அதற்குள் எங்காவது அடங்கவேண்டும். முதலாளி யாரும் "எங்க அப்பா காலத்துல வேற மாதிரி எழுதுவோம், அதுபடி மாத்திக்குடு" என்று கேட்பதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து பர்மிங்காம் வந்து சேர்ந்த இடத்தில் ஈரோட்டுக்காரர் முதல் நாளே நிற்கிறார்!

வேடிக்கை என்னவென்றால், டேலியே ஒரு கம்பெனிக்காக எழுதப்பட்ட மென்பொருளாகத்தான் பிறந்தது. எஸ்.எஸ். கோயங்கா என்ற தொழிலதிபர் தன் தொழிலின் கணக்கைப் பார்க்கச் சரியான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் அதை வைத்தே கம்பெனி தொடங்கினார்கள். ஒரு வீட்டுத் தேவைக்குத் தைத்த சட்டை ஊருக்கே பொருந்தியது. அதற்குக் காரணம், இரட்டைப் பதிவுக் கணக்கு என்பது நாட்டுக்கெல்லாம் பொதுவானது. ஒரு கம்பெனிக்கும் அடுத்த கம்பெனிக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இருக்கும் இடத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் கிலோ கணக்கில் நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகி டையிங்குக்குப் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் எடை மாறி வருகிறது. கட்டிங்குக்குப் பிறகு கிலோ மறைந்து பீஸ் கணக்கு வருகிறது, அதுவும் சைஸ் வாரியாக, கலர் வாரியாக. எந்த யூனிட்டில் எவ்வளவு துணி நிற்கிறது, இவ்வளவு சேதாரம் நியாயம்தானா என்பதுதான் முதலாளியைத் தூங்கவிடாத கணக்கு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பவேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் வேறு. இந்தக் கணக்கைப் பொதுவான மென்பொருளுக்குள் அடக்கப் பார்த்தால் பாதி வெளியே பிதுங்கும். அதனால்தான் பல இடங்களில் வரவு செலவு டேலியிலும், துணி எக்ஸெல்லிலும் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கென்றே எழுதிய உள்ளூர் மென்பொருள்களை வாங்குபவர்களும் உண்டு. அங்கே போய் "நீங்கள் மாறிக்கொள்ளுங்கள்" என்று உபதேசம் செய்வது அபத்தம். அந்த எடைக் கணக்குதான் அவர்கள் தொழிலே.

ஆகவே 'அப்படியே எடுத்துக்கொள்' என்பதையும் மந்திரமாக ஆக்கிவிடக்கூடாது. நம்மைப் போட்டியாளரிடமிருந்து பிரித்துக்காட்டும் வேலை எது, எல்லாரும் ஒரே மாதிரி செய்யும் வேலை எது என்று முதலில் பிரிக்கவேண்டும். சம்பளப் பட்டியல், வங்கி ஒத்துப்பார்ப்பு, லீவு விண்ணப்பம் இதிலெல்லாம் தனித்துவம் காட்டி ஒரு பயனும் இல்லை. லிட்லின் அடக்க விலை எந்தப் பக்கம்? ஒவ்வொரு சென்ட்டையும் எண்ணித்தான் அவர்கள் மலிவுக் கடை நடத்துகிறார்கள், அதனால் அது தொழில் ரகசியம் போன்றதே என்று வாதாட இடமிருக்கிறது. என் கருத்தில், அது அவ்வளவு முக்கியம் என்றால் அந்த மென்பொருளை வாங்கியிருக்கவே கூடாது. முக்கியமில்லை என்றால் விட்டுக்கொடுத்திருக்கவேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஏழு வருடம் போனதுதான் செலவு.

வாங்குபவரே தேர்ந்தெடுப்பதாக இதுவரை பேசினேன். பல சமயம் அதுவும் இல்லை. இந்தியக் கம்பெனிகள் தங்கள் கணக்கு மென்பொருளில் எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்கவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வசதி இல்லாத மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனத்துக்கு உதவாது. மின் விலைப்பட்டியல் 2020-ல் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கியது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில ஆயிரம் முதலாளிகள் மென்பொருள் வாங்க ஓடினார்கள். விற்பவரின் நாட்காட்டியும் அப்படித்தான். எஸ்ஏபியின் பழைய தலைமுறை மென்பொருளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை உலகம் முழுக்கப் பெரிய கம்பெனிகள் இப்போது மாற்றிக்கொண்டிருப்பதற்கு முக்கியமான காரணம் அந்தத் தேதி.

வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் உடனே செய்யக்கூடியது என்று இரண்டு எனக்குத் தோன்றுகிறது. டெமோவுக்கு வருபவர் தன் மாதிரி டேட்டாவோடு வருவார். அதில் செக் ஒருபோதும் திரும்பாது, சரக்கு ஒருபோதும் வாபஸ் வராது. அதை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் கம்பெனியின் மிக மோசமான பில்லை எடுத்துக் கொடுங்கள். மார்ச்சில் போட்ட பில், பாதிப் பணம் வந்தது, ஏப்ரலில் பாதிச் சரக்கு திரும்பியது, கொடுத்த செக்கும் திரும்பியது. இதை இப்போது என் கண் முன்னால் போட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கூடவே, நாளைக்கு அந்தத் திரை முன்னால் உட்காரப்போகும் பெண்ணையோ பையனையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிளிக் என்று அவர்கள் எண்ணுவார்கள், இயக்குநர் எண்ணமாட்டார்.

இரண்டாவது, வெளியேறும் வழி. ஒரு வருட டேட்டாவை முழுசாக வெளியே எடுத்து, எக்ஸெல்லில் திறந்து, மொத்தம் பொருந்துகிறதா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது. பின்னால் சந்தாவை நிறுத்தும்போது இதே டேட்டாவை எத்தனை நாளில், எந்த வடிவத்தில், என்ன கட்டணத்துக்குத் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கவேண்டும். கையெழுத்துக்கு முந்தின வாரம் கேட்டால் அநேகமாக இலவசமாகவே எழுதித் தருவார்கள்.